டென்னிஸ் ஆடாதவர்களின் டென்னிஸ் எல்போ

2004-ல் சச்சினுக்கு முழங்கை வலி வந்தபோதுதான் நம் ஊர்ப்பக்கம் பலருக்கு 'டென்னிஸ் எல்போ' என்ற பெயரே தெரிந்தது. 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன். அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ரன். அவ்வளவுதான்.. இது விளையாட்டுக்காரர்களின் வியாதி, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டுமே தப்பு.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை சுத்தியல், ஸ்பேனர். சேலத்தில் வெள்ளிக்கொலுசு, இளம்பிள்ளையில் தறி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. மணிக்கட்டை மேலே தூக்கும் தசை, முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் தசைநாணாக ஒட்டியிருக்கிறது. ஒரே அசைவைப் பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த இடம் நைந்துபோகும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-ல் வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. பெயரில்தான் டென்னிஸ், வலி முழுக்க உழைப்பு!

வலி வந்தவர் என்ன செய்கிறார்? ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறார். சில வாரம் சுகம். மறுபடி சுத்தியல். ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்பியது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம்தான். காசு கொடுத்து வலியை நீட்டிக்கொள்வதற்குப் பெயர் வைத்தியமா?

அடுத்து வருகிறது நுண்துளை ஆபரேஷன். சின்ன ஓட்டை, சின்னத் தழும்பு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டை சின்னதா பெரியதா என்பதல்ல கேள்வி. உள்ளே செய்யும் வேலை பலன் தருகிறதா? சிட்னியில் மாதக்கணக்கில் குணமாகாத 26 பேரில் பாதிப்பேருக்கு நைந்த திசுவை வெட்டி எடுத்தார்கள். மீதிப்பேருக்குத் தோலைத் திறந்து, எதையும் வெட்டாமல் தைத்துவிட்டார்கள். 2018-ல் வந்த முடிவு: இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், திறந்து செய்த ஆபரேஷன்தான். இருந்தாலும் "துளை போட்டால் உடனே சரி" என்று அடித்துச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே அடங்குகிறது. முன்கையை மேசைமேல் வைத்து, சிறு எடையைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை வாரக்கணக்கில் செய்ய வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தும் தூக்கமே இல்லை என்கிற சிலருக்கு மட்டும் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

"கையை ஓய வைத்தால் கூலி யார் தருவார்?" நியாயமான கேள்வி. ஆனால் ஆபரேஷன் செய்தாலும் கைக்கு ஓய்வு வேண்டுமே? திரும்பி வந்து பிடிக்கப்போவதும் அதே ஸ்பேனர்தானே? முழு ஓய்வு தேவையில்லை. கைக்கு அடங்கும் பிடி, நீளமான கைப்பிடி, உள்ளங்கை மேல்பார்த்துச் சுமை தூக்குவது, வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது.. இதற்கெல்லாம் பட்டறை முதலாளிக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

தொழிலாளியின் கையில் ஓட்டை போடுவதற்கு முன்னால் ஸ்பேனரின் பிடியை மாற்றிப் பாருங்களேன்!