நூலகத்தில் ஒரு பிறந்தநாள்

பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. குழந்தை பிறந்த திங்களையும் விண்மீனையும் நினைவிற்கொண்டு, ஆண்டுதோறும் அந்நாளில் எண்ணெய் தேய்த்து நீராட்டிப் புத்தாடை உடுத்திக் கோயிலுக்கு அழைத்துச் செல்லுதல் பல இல்லங்களில் நெடுநாளாக இருந்துவரும் முறையாகும். கத்தோலிக்கக் குடும்பங்களில், குழந்தை எந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியுள்ளதோ அவருடைய திருநாளும் சிறப்புப் பெறும். கேக் வெட்டும் வழக்கம் பின்னர் வந்து சேர்ந்தது. முறை எதுவாயினும், ‘நீ பிறந்தது எங்களுக்கு மகிழ்ச்சி’ என்று குழந்தைக்கு உணர்த்துவதே அந்நாளின் பொருள்.

இம்மகிழ்ச்சி எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவாகக் கிட்டுவதில்லை. புதுச்சேரி நகரின் தென்பகுதியில் உள்ளது உப்பளம். முன்னாளில் அது உப்பு விளைந்த நிலம் என்பதை அப்பெயரே காட்டும். அதனை அடுத்துப் பழைய துறைமுகமும் மீனவர் வாழும் வம்பாக்கீரப்பாளையமும் உள்ளன. இத்தகைய நகர்ப்பகுதியில் அலுவலகம் செல்வோர், கடலுக்குச் செல்வோர், நாட்கூலி பெறுவோர் ஆகிய பலருடைய பிள்ளைகளும் அருகருகே வளர்கின்றனர். ஒரு வீட்டில் தோரணம் கட்டி விருந்து நடக்கும். அடுத்த வீட்டில் பிறந்தநாள் வந்ததும் போனதும் தெரியாமலே கழியும். அவ்வீட்டுக் குழந்தை அண்டை வீட்டு வாயிலில் நின்று பார்க்கும்.

இவ்வேற்றுமை நுழையாத இடம் ஒன்று ஊரில் இருத்தல் வேண்டும். அதுவே பொது நூலகம். சிறு குழந்தைகளுக்கு நூலகத்தில் கதை நேரம் நடத்துவோர், பிறந்தநாளையே அதன் பொருளாகக் கொள்ள விரும்புவது இயல்பு. நல்ல விருப்பந்தான். ஆயினும், யாருடைய பிறந்தநாள் என்னும் வினாவை அவர்கள் முதலில் எழுப்பிக்கொள்ள வேண்டும். வசதியுள்ள ஒரு குழந்தையின் பிறந்தநாளை நூலகத்தில் கொண்டாடினால், மற்றக் குழந்தைகள் அங்கும் வாயிலில் நிற்பவர்களே ஆவர். ஆகவே அங்கு நிகழும் பிறந்தநாள் யாவர்க்கும் பொதுவானதாக அமைதல் வேண்டும்.

அதற்குரிய நாளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. டென்மார்க்கு நாட்டில் 1805ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், செருப்புத் தைக்கும் ஏழைத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் ஆன்டர்சன். குழந்தைகளுக்கு அவர் எழுதிய கதைகள் உலகெங்கும் பரவின. 1967ஆம் ஆண்டு முதல் அவர் பிறந்தநாளே பன்னாட்டுக் குழந்தைகள் நூல் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. நம் நாட்டில் நேருவின் பிறந்தநாளாகிய நவம்பர் 14 குழந்தைகள் நாளாகும். தேசிய நூலக வாரமும் அன்றே தொடங்குகிறது. நூலகத்திற்கும் பிறந்தநாள் உண்டு. புதுச்சேரியின் பொது நூலகம் 1827இல் தோன்றியது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்து பிறந்து நூறாண்டு நிறைந்த 1966இல் அவர் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. 2027இல் அந்நூலகத்திற்கு வயது இருநூறு. இத்தகைய நாட்களில் எந்தக் குழந்தையும் விருந்தினன் அல்லன். யாவரும் வீட்டுக்கு உரியவரே.

நாள் அமைந்தபின் நிகழ்ச்சியைத் திட்டமிடலாம். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் நெடுநேரம் ஓரிடத்தில் அமரமாட்டார்கள். அவர்களுக்கு அரைமணி நேரம் போதும். தரையில் பாய் விரித்து, சொல்பவரின் முகமும் நூலிலுள்ள படமும் எல்லார்க்கும் தெரியுமாறு வளைந்த வரிசையில் அமர்த்த வேண்டும். சிறுகதைகள் இரண்டு, இடையே கைதட்டிப் பாடும் பாட்டு ஒன்று, முடிவில் கைவேலை ஒன்று, இவ்வளவே வேண்டுவது.

கதைப்பொருளும் அருகிலேயே கிடைக்கும். பங்குனி ஆமை புதுச்சேரிக் கடற்கரையில் மணலைத் தோண்டி ஏறக்குறைய நூறு முட்டைகள் இடுகிறது. சற்றேறக்குறைய ஐம்பது நாட்களில் குஞ்சுகள் பெரும்பாலும் ஒருங்கே வெளிவந்து, இரவில் கடலை நோக்கி ஓடுகின்றன. ஒரே நாளில் நூறு பிறந்தநாள்! இதைக் கேட்கும் குழந்தை, பிறந்தநாள் என்பது விருந்து அன்று, உலகிற்குப் புதியதோர் உயிர் வந்த நாள் என்பதைத் தானே உணரும்.

நூல்கள் நிறைந்த இடத்தில் மெழுகுவத்தி ஏற்றுதல் தகாது. அதற்கு மாறாகப் பெரிய தாளில் விளக்கு ஒன்று வரைந்து, ஒவ்வொரு குழந்தையும் ஒரு வண்ணத்தாள் சுடரை அதில் ஒட்டலாம். பரிசுப்பொருள் கொண்டுவருமாறு எவரையும் கேட்டல் கூடாது. ‘உன் பிறந்தநாள் எப்போது?’ என்று பலர்முன் வினவுதலும் கூடாது. விடை அறியாத குழந்தை நாணும். மாறாக, வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் நூலக நூல் ஒன்று இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது, சீகாழியில் பிறந்த நூலக அறிஞர் அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்றன்றோ?

‘எழுத்தறியாக் குழந்தைக்கு நூலகம் எதற்கு? ஆரவாரம் படிப்போர்க்கு இடையூறு ஆகாதா?’ என்று சிலர் வினவுவர். படிப்போர்க்கு அமைதி வேண்டும் என்பது உண்மையே. வாரத்தில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கி முன்னரே அறிவித்தால் அக்குறை நீங்கும். எழுத்தறியாப் பருவத்தில் நூலகத்தின் படியேறிய குழந்தை, எழுத்தறிந்தபின் அங்கு வர அஞ்சாது.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. குரலும் பொறுமையும் உடையவர் தேவை. உயர்நிலைப்பள்ளி மாணவர் பலர்க்கு இவ்விரண்டும் உண்டு. ஒரு கதையை வீட்டில் மும்முறை உரக்கப் படித்துப் பழகி, விடுமுறை நாளில் நூலகரிடம் சென்று, ‘நான் கதை சொல்கிறேன்’ என்று கேட்பதே அவர்கள் செய்யவேண்டிய முதற்செயல்.