படப்பிடிப்புக்கு விதியும் வேண்டும், ரசீதும் வேண்டும்

பொது இடத்தில் படப்பிடிப்பு நடத்த யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற கேள்விக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரே பதில் கிடையாது. இடம் யாருடையதோ அவருடைய அலுவலகப் படியை ஏற வேண்டும். திருமயம் கோட்டை என்றால் இந்தியத் தொல்லியல் துறை. கோயில் என்றால் இந்து சமய அறநிலையத் துறை. பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையும் காவல் துறையும். காப்புக்காடு என்றால் வனத்துறை. கண்மாய் என்றால் அதன் அளவைப் பொறுத்து நீர்வளத் துறை அல்லது ஊராட்சி ஒன்றியம். மந்தை, களத்துமேடு, தோப்பு என்றால் ஊராட்சி. மேலே உள்ள துறைகள் பலவற்றுக்கு எழுதிவைத்த விதி இருக்கிறது. ஊராட்சி மட்டத்தில் நடப்பதோ பெரும்பாலும் வாய்மொழி ஏற்பாடு. அதற்கு முடிவு கட்டி, மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும் எளிய அனுமதி விதியை உள்ளாட்சிகள் வகுத்து வெளியிட வேண்டும்.

இந்தக் குறைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த பி.யு.சின்னப்பா கொடிகட்டிப் பறந்த காலத்தில் படம் என்பது பெரும்பாலும் ஸ்டுடியோவின் நான்கு சுவருக்குள் எடுக்கப்பட்டது. அதையடுத்து எழுந்த சட்டங்களின் கவலை படத்தைக் காட்டுவது பற்றியது. 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் தணிக்கைச் சான்றைப் பேசுகிறது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் திரையரங்க உரிமத்தைப் பேசுகிறது. 1977-இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ கேமராவைக் கிராமத்துக்கு இழுத்து வந்த பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பு வழக்கமாகிவிட்டது. சட்டம் அந்த வேகத்தில் ஊருக்குள் வந்து சேரவில்லை.

குடுமியான்மலையை எடுத்துக்கொண்டால் சிக்கல் கண்முன்னே தெரியும். இசைக் கல்வெட்டும் குடைவரையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அதே மலையடியில் சிகாநாதசுவாமி கோயில் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. அதே ஊரில் வேளாண் துறையின் அண்ணா பண்ணை இருக்கிறது. ஊர்த் தெரு ஊராட்சியுடையது. ஒரு பாடல் காட்சிக்கு இந்த நான்கையும் வளைத்துப் படம் பிடிக்க நினைக்கும் தயாரிப்பு மேலாளர் நான்கு மனு எழுத வேண்டும். பாதுகாப்புக்கு அன்னவாசல் பக்கம் காவல் துறையையும் பார்க்க வேண்டும். ஒரு கையெழுத்து தாமதமானால் நடிகரின் கால்ஷீட் வீணாகும். அவசரத்தில் இருப்பவர் விதியைத் தேட மாட்டார்; காரியத்தை முடித்துத் தரும் ஆளைத் தேடுவார். இடைத்தரகு பிறக்கும் இடம் அதுதான்.

விதி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தொல்லியல் துறையே சான்று. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் படம் எடுப்பதற்கு 1959-ஆம் ஆண்டின் விதிகள் உரிமம் கேட்கின்றன. சின்னத்தின் மீது தண்ணீர், எண்ணெய், மசகு எதுவும் படக்கூடாது. ஜெனரேட்டரைத் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். பார்வையாளர்களின் நடமாட்டத்தை மறிக்கக் கூடாது. உரிமம் தந்த பகுதியைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனைகள் வரிசையாக உள்ளன. ஒரு சின்னத்துக்கு நாளொன்றுக்கு 50,000 ரூபாய் கட்டணம், 10,000 ரூபாய் பிணைத்தொகை. மூன்று மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொன்ன பழைய முறையின் சுமையைக் குறைக்க 2023 செப்டம்பரில் இணையவழி அனுமதித் தளமும் தொடங்கப்பட்டது. சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளமும் மீனும் யானையும் பூப்பறிக்கும் மனிதரும் ஓரளவேனும் எஞ்சியிருக்கின்றன. பாண்டியர் கால வண்ணப் பூச்சு அது. பெரிய விளக்குகளின் சூட்டையும் ஒரு யூனிட் முழுவதன் மூச்சுக்காற்றையும் அது தாங்காது. அங்கே கண்டிப்பு தேவை என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

ஆனால் தொல்லியல் துறை வாங்கும் கட்டணம் மத்திய அரசின் கணக்குக்குப் போகிறது. கேரவன் நிற்பது, சாப்பாட்டுப் பந்தி நடப்பது, இலையும் தண்ணீர் பாட்டிலும் குவிவது எல்லாம் ஊராட்சியின் எல்லைக்குள். மறுநாள் காலை அதை அள்ளுவது ஊராட்சியின் தூய்மைப் பணியாளர். கனரக வண்டிகள் ஏறி உடைந்த சிமென்ட் சாலையைச் சரிசெய்வது ஊராட்சியின் செலவு. சுமை ஒருவருக்கும் வரவு இன்னொருவருக்கும் என்ற இந்த நிலை நியாயமில்லை. ஊராட்சிக்குக் கேட்க உரிமை இல்லாமலும் இல்லை. மேய்ச்சல் நிலம், களம், வண்டிப்பேட்டை, தோப்பு போன்ற சில வகைப் புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமே ஊராட்சிக்குத் தந்திருக்கிறது.

எழுத்து விதி இல்லாத இடத்தில் கட்டணம் இல்லாமல் போவதில்லை. அது வேறு பெயரில் வசூலாகிறது. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை, இளைஞர் மன்றத்துக்கு ஒரு தொகை, ஊர்ப் பெரியவர்களுக்கு மரியாதை என்று பேச்சு முடிகிறது. பணம் கைமாறுகிறது, ரசீது இல்லை, ஊராட்சிக் கணக்கில் ஒரு ரூபாய் ஏறுவதில்லை. எவ்வளவு வந்தது, யார் வாங்கினார்கள் என்பது ஊருக்குள் பகையாக மாறுவதும் உண்டு. ஊரில் எல்லாருக்கும் உரிய மந்தையில் யாருடைய பேச்சு எடுபடுகிறதோ அவருக்கு மட்டும் ஆதாயம் என்றால், எளியவர்களின் பங்கு முதலில் அடிபட்டுப் போகும்.

அனுமதி இல்லாமல் தொடங்கிய வேலை தயாரிப்பாளருக்கும் நல்லதல்ல. 2023 ஏப்ரலில் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறை அருகே நடந்த ‘கேப்டன் மில்லர்’ படப்பிடிப்பை, உரிய அனுமதி பெறவில்லை என்று மாவட்ட ஆட்சியர் நிறுத்திவைத்தார். கால்வாயில் மரப்பாலம் அமைத்ததும் வெடிச் சத்தமும் விளக்கு வெளிச்சமும் காட்டு உயிர்களைப் பாதிக்கும் என்று புகார் எழுந்தது. யார் அனுமதி தர வேண்டும், எந்த நிபந்தனையில் என்பது முன்பே ஒரே தாளில் இருந்திருந்தால் அந்த நெருக்கடிக்கு இடமிருந்திருக்காது. மயில்களுக்குப் பெயர்பெற்ற விராலிமலையிலும், அலையாத்திக் காடுள்ள முத்துக்குடாவிலும் நாளை இதே கேள்வி எழலாம்.

பாதுகாப்பு இன்னொரு பக்கம். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் கார் சாகசக் காட்சி எடுக்கும்போது ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். ஸ்டுடியோவும் விலக்கல்ல, 2020 பிப்ரவரியில் சென்னை அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூவர் இறந்தார்கள். கிராமத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். குழந்தைகள் மரத்தில் ஏறுவார்கள். பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கும். வண்டி தலைகீழாகப் புரளும் காட்சிக்கும் குண்டு வெடிக்கும் காட்சிக்கும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பார்வையாளர் தடுப்பு ஆகியவற்றை உறுதி செய்த பிறகே அனுமதி என்று ஊராட்சி சொல்லத் தயங்கக் கூடாது.

மாவட்ட நிர்வாகத்துக்கு இதில் புதிதாக வேலை ஏறுகிறது என்றும் சொல்ல முடியாது. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-இல் செய்த திருத்தப்படி, குழந்தை நட்சத்திரத்தை நடிக்கவைக்க அந்த மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். ஜல்லிக்கட்டு மாவட்டமான இங்கே காளையைக் காட்டாத கிராமப் படம் அபூர்வம். விலங்குகளை நடிக்கவைக்க 2001-ஆம் ஆண்டின் விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. ஆக, ஆட்சியர் அலுவலகத்துக்குப் படப்பிடிப்புக் கோப்பு எப்படியும் வரத்தான் போகிறது. எல்லாக் கோப்புகளையும் அங்கேயே ஒரு மேசையில் சேர்ப்பதுதான் முறை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் ‘இந்தியா சினி ஹப்’ தளம் நாட்டளவில் ஒற்றைச் சாளரமாக இருக்கிறது. ஆனால் டெல்லியில் திறக்கும் சாளரத்தில் அரிமளத்துக் கண்மாய்க் கரை தெரியாது. உள்ளூர் விவரம் உள்ளூரிலிருந்துதான் போய்ச்சேர வேண்டும்.

விதி என்றதும் திரையுலகம் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு மனு, இன்னொரு கட்டணம், இன்னொரு கெடுபிடி என்றால் சிறு தயாரிப்பாளர்கள் நொடிந்துபோவார்கள். செல்பேசியில் குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவரும், கோட்டை மதிலருகே திருமண ஜோடியைப் படம் பிடிக்கும் ஊர்ப் புகைப்படக்காரரும் பெரிய கம்பெனியின் விதியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. நியூயார்க் நகரின் அனுபவம் இங்கே உதவும். திரைப்பட அனுமதிக்கென 1966-லேயே மேயர் அலுவலகம் தனிப் பிரிவு தொடங்கிய நகரம் அது. அங்கே 2005-இல் கையடக்கக் கேமராவுடன் நின்ற இந்திய ஆவணப்பட இயக்குநர் ராகேஷ் சர்மாவைப் போலீஸ் பிடித்துவைத்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2008-இல் வந்த புதிய விதிகளின்படி, கையில் கேமராவோ முக்காலியோ மட்டும் வைத்துக்கொண்டு, தெருவை மறிக்காமல் எடுப்பவருக்கு அனுமதி கட்டாயம் இல்லை என்றானது.

இன்னொரு அச்சம் இதைவிடப் பெரியது. இடத்துக்கான அனுமதி கதைக்கான தணிக்கையாக மாறிவிடக் கூடாது. 2000-இல் தீபா மேத்தாவின் ‘வாட்டர்’ படம் அரசின் அனுமதியோடுதான் வாரணாசியில் தொடங்கியது. எதிர்ப்பாளர்கள் செட்டைச் சிதைத்தார்கள். சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிப் படப்பிடிப்பு நிறுத்தப்பட்டது. பின்னர் படம் இலங்கையில் எடுத்து முடிக்கப்பட்டது. போராட்ட மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையை முடக்க முடியாது என்று ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருந்தும் இது நடந்தது. சாதியோ அரசியலோ பேசும் படம் என்பதற்காக ஊரில் ஒரு தரப்பு தடுத்தால், ஊராட்சி அந்தத் தரப்பின் கைக்கருவியாகக் கூடாது. கதைச்சுருக்கம் கேட்கும் அதிகாரமே உள்ளாட்சிக்கு இருக்கக் கூடாது. ஆட்கள் எத்தனை, வண்டிகள் எத்தனை, எந்த நேரம், என்ன ஆபத்து என்ற நான்கு கேள்விகள் போதும்.

இவற்றை வைத்துப் பார்த்தால் விதியின் வடிவம் தெளிவாகிறது. படப்பிடிப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம். பத்துப் பேருக்கு உட்பட்ட குழு, கையில் தூக்கும் கருவி, போக்குவரத்துக்கு இடையூறு இல்லை என்றால் தகவல் தந்தால் போதும், கட்டணம் வேண்டாம். ஜெனரேட்டரும் சில வண்டிகளும் கொண்ட நடுத்தர யூனிட்டுக்கு மூன்று வேலை நாளில் அனுமதி. செட், சாகசம், வெடி, இரவு வேலை, சாலை மறிப்பு உள்ள பெரிய படப்பிடிப்புக்குப் பத்து நாளில் முடிவும் பிணைத்தொகையும். கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும். ஆபத்தான காட்சிகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கூடாது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆட்சியரிடம் மேல்முறையீடு இருக்க வேண்டும்.

கட்டணம் ஊராட்சியின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். தொகையும் தேதியும் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அந்த வரவைப் படித்துக்காட்ட வேண்டும். படப்பிடிப்புக்கு முன்பும் பின்பும் இடத்தைப் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, சேதம் இல்லையென்றால் ஒரு வாரத்தில் பிணைத்தொகையைத் திருப்பித் தர வேண்டும். கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்கள், அறுவடை நாட்கள், திருவிழா, பொதுத்தேர்வுக் காலம் ஆகியவற்றை ஒவ்வொரு ஊராட்சியும் முன்கூட்டியே பட்டியலிட்டுத் தரலாம். வயலில் படம் எடுத்தால் பட்டாதாரரின் சம்மதத்தோடு, பயிர் செய்யும் குத்தகைதாரரின் சம்மதமும் வேண்டும்.

மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்களும் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளும் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனி விதி எழுதினால் குழப்பமே மிஞ்சும். 2025 ஜனவரியில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் மாறினாலும் தனி அலுவலர் வந்தாலும் மாறாத ஒரே நடைமுறை வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆட்சியர் ஒரு மாதிரி விதியைத் தயாரித்து, திரைத்துறைச் சங்கங்களிடமும் ஊராட்சிகளிடமும் கருத்துக் கேட்டு வெளியிட வேண்டும். கிராம சபைகள் அதைத் தீர்மானமாக ஏற்க வேண்டும். புதுக்கோட்டை மாநகராட்சியும் அறந்தாங்கி நகராட்சியும் பேரூராட்சிகளும் அதே அட்டவணையைத் தங்கள் மன்றங்களில் நிறைவேற்ற வேண்டும். ஓராண்டு நடைமுறைக்குப் பின் கட்டணத்தையும் கெடுவையும் மறுபரிசீலனை செய்து, குறை தீர்ந்த வடிவத்தை மாநில அரசு மற்ற மாவட்டங்களுக்கும் பரிந்துரைக்கலாம்.