தக்காளி நசுங்குகிறதா? பிக்கப்பின் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்

பார்த்துப் பார்த்துப் பறித்த தக்காளி, சந்தையில் அடிபட்டு இறங்கினால் சாலையை மட்டும் குறை சொல்லாதீர்கள். பெட்டியின் மேலடுக்குக் காய்கள் அதிகம் சிராய்ந்திருந்தால், அது அதிர்வு செய்த வேலை. பிக்கப்பின் பின்பக்க ஷாக் அப்சார்பரைக் கவனியுங்கள்.

பலரும் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போடுகிறார்கள். பாரம் தாங்குவது பட்டை. ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். தேய்ந்ததை அப்படியே விட்டுப் பட்டையைக் கூட்டினால், குலுக்கல்தான் கூடும்.

ஆயில் கசிவு, டயரில் திட்டுத் திட்டான தேய்மானம், பள்ளம் தாண்டிய பிறகும் நிற்காத ஆட்டம் ஆகியவை தெரிந்தால் மாற்றுங்கள். ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நீளம் உங்கள் மாடலுக்குப் பொருந்த வேண்டும். மண் சாலையில் தொடர்ந்து ஓடும் வண்டிக்கு கேஸ் நிரப்பிய வகை நல்லது. உள்ளே ஆயில் நுரைப்பதை நைட்ரஜன் அழுத்தம் குறைக்கும். மிகக் கடினமானதை வாங்காதீர்கள். அரை லோடில் அது காயைத் தூக்கிப் போடும். அனுமதித்த எடையை மீறினால் எதுவும் காப்பாற்றாது.

அறுவடைக்குப் பிந்தைய நேர்த்திக்கான பயிற்சிகளில் பெட்டியைப் பற்றிச் சொல்லும் நாம், வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.