பாம்பின் வேஷமும் மந்திரவாதியின் பெருமையும்

"எங்கள் ஊரில் விரியன் கடித்தவனை மந்திரவாதி பிழைக்க வைத்தாரே, அதற்கென்ன சொல்லுகிறீர்கள்?" என்று நம்மைக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் பொய் பேசுவதாக நாம் சொல்ல வரவில்லை. பாம்பு கடித்ததும் நிஜம். ஆள் பிழைத்ததும் நிஜம். கடித்த பாம்பு எது என்பதுதான் நமது கேள்வி.

கட்டுவிரியன் கறுத்த உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்டது, கொடிய விஷமுள்ளது. ஏறக்குறைய அதே பட்டைகளோடு, வீட்டுச் சுவரிடுக்கில் பல்லி தின்று பிழைக்கும் சாதுவான பாம்பு ஒன்றும் உண்டு. அதை வெள்ளிக்கோல் வரையன் என்றும் ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்லுவார்கள். அது கடித்தால் மனிதன் சாவதில்லை.

இந்த வேஷம் எப்படி வந்தது? இங்கிலாந்தில் காலுறைத் தொழில் பழகிய ஹென்றி வால்டர் பேட்ஸ் என்பவர் 1848ல் தென்னமெரிக்காவின் அமேசான் காட்டிற்குப் போய், 11 வருஷம் அங்கே தங்கினார். பட்சிகள் தின்ன விரும்பாத ஒரு வகைப் பட்டாம்பூச்சியைப் போலவே, தின்னத்தக்க வேறு வகைகளும் நிறங்கொண்டு பறப்பதைக் கண்டார். அதற்குரிய காரணத்தை 1862ல் வெளியிட்டார். தற்செயலாகச் சிறிது கெட்ட பூச்சியின் சாயலோடு பிறந்ததைப் பட்சி ஒதுக்கிவிடும். அது பிழைத்து முட்டையிடும். சாயல் இல்லாதது இரையாகிவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படியே நடந்தால் சாயல் முற்றிக்கொண்டே வரும். இதில் பூச்சியின் தந்திரமும் இல்லை, ஆண்டவன் வந்து வர்ணம் தீட்டவும் இல்லை. நம் வீட்டுப் பாம்பின் பட்டைக்கும் இதுவே காரணம்.

எதிரிகளை ஏய்க்க ஏற்பட்ட இந்த நிறம் மனிதனையும் ஏய்க்கிறது. விஷமற்ற பாம்பு கடித்தவனை விரியன் கடித்ததாக நினைத்துத் தூக்கி வருகிறார்கள். மந்திரம் போடாவிட்டாலும் பிழைக்கக் கூடியவன் பிழைக்கிறான். மந்திரவாதி தட்சணை வாங்கிக் கொள்ளுகிறான். உண்மை விரியனே சில சமயம் விஷம் இறக்காமல் கடிப்பதுண்டு. அந்தப் பெருமையும் அவனுக்கே!

இது வெறும் சிரிப்புக்குரிய விஷயமானால் நாம் எழுதியிருக்க மாட்டோம். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குகிறவனைக் கடிக்கிறது. வலியும் வீக்கமும் அநேகமாக இராது. பிறகு இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சு நின்றுபோகும். மந்திரத்தில் கழியும் ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு உலை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டதாக 2020ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகளே.

ஆகவே தோழர்களே, எது கடித்ததென்று விவாதித்துக் கொண்டிராதீர்கள். கடித்த இடத்தைக் கீற வேண்டாம், கயிற்றால் இறுக்க வேண்டாம். ஆளை நடக்க விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பின் விஷத்தைக் கொண்டே குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது; மூச்சு நின்றால் மூச்சூட்ட இயந்திரமும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. பாம்பு போடும் வேஷம் அது பிழைப்பதற்காக. மந்திரவாதி போடும் வேஷமும் அவன் பிழைப்பதற்காகத்தான். இரண்டிலும் ஏமாந்து உயிரை விடுவது நாமாக இருக்கக் கூடாது என்பதே நமது வேண்டுகோள்.