குல்லாயும் தலையும்

பூந்தமல்லிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சி வரதராஜனுக்கு ஆலவட்டம் வீசிக் காற்றையே கைங்கரியமாகச் செய்த திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. அவர் காஞ்சிக்குப் போன அதே திசையில் செல்லும் பெங்களூர்ச் சாலையில், இன்று விடிவதற்கு முன்னால் சில வாலிபர்கள் காற்றை ஏமாற்றுவதற்காகச் சைக்கிளில் குப்புறப் படுத்தாற்போல் பறக்கிறார்கள். தலையில் வால் நீண்ட ஒரு குல்லாய். முழங்கைகள் ஒட்டியிருக்கின்றன, முதுகு பலகைபோல் கிடக்கிறது. 'டைம் டிரயல்' என்று பெயர். இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. தன்னந்தனியாகக் கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இதைப் பரிகசிக்க நான் பேனாவை எடுக்கவில்லை. அதற்கு ஆள் நிறைய இருக்கிறது. "1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி வந்த நாளாக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினவன் வீடு போய்ச் சேரவில்லையா?" என்கிறார் எதிர்வீட்டுப் பெரியவர். சேர்ந்தான், யார் இல்லை என்றது? ஆனால் பந்தயம் வேறு. சமதரையில் விரைகிறவனுடைய உழைப்பில் பெரும்பங்கைக் காற்றுதான் தின்கிறது. அந்தக் காற்றை மறித்து நிற்பதும் பெரும்பாலும் சைக்கிள் அல்ல, அதன்மேல் இருக்கும் உடம்பு.

என் சண்டை குல்லாயை விற்கிறவர்களோடும், கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்களோடும்தான். அவர்கள் உடனே 1989-ஐ இழுப்பார்கள். அந்த ஆண்டு டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். வெர்சேயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர். 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், லாரன் ஃபின்யோனை முந்தி, மொத்தத்தில் 8 விநாடியில் பட்டத்தைத் தட்டிக்கொண்டார். லெமாண்ட் தலையில் வால் குல்லாய். ஃபின்யோன் தலையில் குடுமி மட்டும். உண்மைதான். ஆனால் லெமாண்டிடம் முன்னால் நீண்ட கைப்பிடியும் இருந்ததே! வெற்றி குல்லாயினாலா, கைப்பிடியினாலா, காலினாலா? ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்காத வரையில் யாரும் சொல்ல முடியாது. 1993-ல் நார்வேயில் ஒரு மணியில் 51.596 கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்த கிரேம் ஓப்ரி கடையை நம்பவில்லை. கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொள்ளும் விசித்திரமான இருப்பைத் தாமே ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அது பலித்ததால்தானே பிற்பாடு சங்கத்தார் தடை போட்டார்கள்?

எனக்குத் தெரிந்த பூந்தமல்லிப் பையன் ஒருவன் சம்பளத்தில் சேர்த்த பணத்தை இப்படி ஒரு குல்லாயில் கொட்டினான். "சார், ஸ்ரீபெரும்புதூருக்கு 2 நிமிஷம் மிச்சம்!" என்று குதித்தான்.

"பழைய குல்லாயில் எப்போது ஓட்டினாய்?"

"ஆடியில்."

"புதியதில்?"

"ஐப்பசிக் கடைசியில்."

ஆடியில் மேல்காற்று நெஞ்சில் அறையும். ஐப்பசிக் கடைசியில் வாடை முதுகைத் தள்ளும். பையனுக்கு அந்த 2 நிமிஷத்தைக் கொடுத்தது குல்லாயா, வாயு பகவானா? பதில் சொல்லாமல் தலையைச் சொறிந்தான்.

பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கும் இதே கதிதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் 20 வாட் மிச்சம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றுக்குக் கொடுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவது. ஆகவே 36 கிலோமீட்டரில் போகிறவனுக்கு அது ஏறக்குறைய ஏழரை வாட்தான். (மெதுவாகப் போகிறவன் சாலையில் அதிக நேரம் இருப்பதால் விநாடிக் கணக்கில் அவனுக்கும் லாபமுண்டு, அதை மறைப்பது நியாயமில்லை.) அந்த எண்ணும் பொம்மைத் தலைக்கோ, வேறொருவன் தலைக்கோ உரியது. களைத்துப்போய்த் தலையைக் குனிந்தால் வால் மேலே தூக்கிக்கொண்டு காற்றைப் பிடிக்கிறது. லாபம் அங்கேயே கரைகிறது. துவாரமில்லாத ஓட்டுக்குள் சித்திரை வெயிலில் மண்டை வேகுமே, அதற்கு எத்தனை வாட் கழிப்பது?

சோதிப்பதில் மர்மம் ஒன்றுமில்லை. மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி வேண்டும். டயர்க் காற்று, உடை, எடை மாறக் கூடாது. ஒரே காலையில், ஒரே பாதையில், போக வர ஓட்ட வேண்டும். பழையது, புதியது, மறுபடி பழையது என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பழையதன் இரண்டு கணக்கும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாவிட்டால் அன்றைய சோதனையைக் குப்பையில் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போகலாம்.

இதைப் பெங்களூர்ச் சாலையிலா செய்வது? இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஓடும் கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் பக்கத்தில் கடக்கும்போது காற்றைத் தன்னோடு இழுத்துப் போகிறது. அந்த இழுப்பில் குல்லாயே இல்லாதவனுக்கும் லாபம் காட்டும்! அது போகட்டும், தலையைத் தாழ்த்தி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு விரைகிறவன், ஓரத்தில் நிறுத்திய லாரியை எப்போது பார்ப்பான்? எட்டு விநாடிக்காக இந்தப் பிள்ளைகள் பணயம் வைப்பது குல்லாய்க்கு உள்ளே இருப்பதை.

மேலக்கோட்டையூரில் சைக்கிளுக்கென்றே கட்டிய வெலோட்ரோம் இருக்கிறது. லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது. பூந்தமல்லியிலிருந்து சற்றுத் தூரம்தான், இருக்கட்டும். பையன்களே, பத்துப் பேர் சேர்ந்து அங்கே காலை வேளையில் இரண்டு மணி நேரம் கேட்டு மனு எழுதுங்கள். எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள். சைக்கிளில் ஏறி இருபது வருஷமாகிறது எனக்கு. ஆனாலும் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.