கொடுத்தோரே, கணக்குக் கேளுங்கள்!

கொடுப்பது அறம். கொடுத்த பணம் எங்கே சென்றது என்று கேட்பதும் அறமே என்கிறோம் நாம்.

2010ஆம் ஆண்டில் ஹெயிட்டி நாடு பூகம்பத்தால் அழிந்தபோது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் மக்கள் ஏறக்குறைய 50 கோடி டொலர் கொடுத்தனர். ஒவ்வொரு டொலரிலும் 91 சதம் ஹெயிட்டிக்கே என்றது சங்கம். 2015இல் பத்திரிகையாளர் துருவி ஆராய்ந்தபோது வெளிப்பட்டது என்ன? சங்கம் கட்டிய நிரந்தர வீடுகள் ஆறே ஆறு! பல்லாயிரவருக்கு இருப்பிட உதவி அளித்தோம் என்று சங்கம் வாதாடியது. ஆயினும் திட்டவாரியான செலவுக் கணக்கை வெளியிட மறுத்தது.

அந்த 91 சதத்தின் மாயம் யாது? பணத்தில் ஒரு பகுதி வேறு நிறுவனங்களுக்குக் கைமாறியது. அவையும் தத்தம் நிருவாகச் செலவைக் கழித்துக்கொண்டன. குளத்திலிருந்து எவ்வளவு நீர் திறந்தார்கள் என்று கேட்டுக் கமக்காரன் மனநிறைவு கொள்வானா? கடைசி வயலுக்கு எவ்வளவு வந்தது என்றன்றோ கேட்பான்!

நிருவாகச் செலவு குற்றமன்று. அதனை மறைப்பதே குற்றம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் உலகின் கொடையைப் பெற்றவர் நாம். இன்று கொடுப்பவரும் நாமே. ஆகவே, உண்டியல் நீட்டுவோரிடம் கேட்போம்: பணம் எத்தனை கை மாறும்? ஒவ்வொரு கையும் எவ்வளவு எடுக்கும்? முடிவில் எத்தனை கூரை எழும்? எழுத்திலே விடை தராதவருக்கு ஒரு சதமும் கொடோம்!