முன் பிரேக்கைத் தொடாதே என்பவர்களுக்கு

“நல்லா ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஏபிஎஸ் எதுக்கு சார்? விலையை ஏத்துறதுக்கு கம்பெனிக்காரன் பண்ற வேலை.” நான் சர்வீசுக்கு வண்டி விடும் கடையில் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்பியதில்லை. போன முறை ஒரு கல்லூரிப் பையன் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்று வந்து நின்றான். “எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போவுது தம்பி, வண்டி ஓடுதுல்ல?” என்று அனுப்பிவிட்டார் மெக்கானிக். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிற கைகாரர் அவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதும், அவரைப் போலப் பலர் சொல்வதும் தவறு.

ஓட்டத் தெரிந்தவனுக்கு வேண்டாம் என்பதையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சக்கரம் நின்றுவிட்டால், டயர் அதன் பிறகு உருளாது, சறுக்கும். பின்சக்கரம் சறுக்கினால் வண்டி வாலை ஆட்டும்; பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் சறுக்கினால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் தரையில் கிடப்போம். சக்கரம் இப்படிப் பூட்டிக்கொள்வதைத் தடுப்பதுதான் ஏபிஎஸ். அது உள்ள வண்டியில் முன் டிஸ்க்கை ஒட்டி, வரிசையாகத் துளையிட்ட சின்ன வளையம் ஒன்று இருக்கும். சென்சார் அதைப் பார்த்துச் சக்கரத்தின் வேகத்தைக் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் குறையும், ஏறும், மறுபடி குறையும். ஒரே விநாடிக்குள் பல தடவை. இது எந்த விரலாலும் ஆகாது. அதிலும் ஷேர் ஆட்டோ திடீரென்று குறுக்கே நிற்கும்போது, முப்பது வருட அனுபவமுள்ள விரலும் பயந்த விரல்தான்.

இன்னொன்று, நம் வீடுகளில் பரம்பரையாக வருவது. “முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்.” எனக்கு வண்டி பழக்கிய அப்பா சொன்ன முதல் பாடமே இதுதான். ஆனால் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் பெருமளவு முன்னால் சாய்கிறது; நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு ஏறத்தாழ இரு மடங்கு தூரம் வேண்டியிருக்கும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்பாவின் பயம் பொய்யல்ல. முன்சக்கரம் பூட்டி விழுந்தவர்களைப் பார்த்த பயம் அது. அந்தப் பூட்டைத்தான் ஏபிஎஸ் எடுக்கிறது. என்னைக் கேட்டால், ஏபிஎஸ்ஸின் பெரிய உதவியே முன் பிரேக்கைத் துணிந்து பிடிக்க வைப்பதுதான்.

“மண் ரோட்டில் ஏபிஎஸ் வண்டி நிற்காது” என்பதில் உண்மை உண்டு. உதிரிச் சரளையிலும் ஆழமான மணலிலும் நிற்கும் தூரம் கூடலாம். அதனால்தான் கரடுமுரடான பாதைக்கென்று செய்யும் சில வண்டிகளில் அதை அணைத்துவைக்க வழி தருகிறார்கள். ஆனால் நாம் தினமும் போவது தார் ரோட்டில். அதுவும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் மிதக்கும் தார் ரோட்டில்.

சின்ன வண்டிக்கு சிபிஎஸ் போதும் என்பார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே சிபிஎஸ் இருந்தால் போதும் என்று சட்டமே வழிவிட்டது. சிபிஎஸ் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். பூட்டுவதைத் தடுக்காது. ஏபிஎஸ் வெளிநாட்டு ரோட்டுக்குச் செய்த சரக்கு என்பதற்கும் இடமில்லை. ஓசூர் டிவிஎஸ் 2011-லேயே தன் அப்பாச்சி பைக்கில் அதைக் கொண்டுவந்துவிட்டது.

படித்தவர்கள் சொல்லும் வாதம் வேறு: பாதுகாப்பு கூடினால் ஓட்டுபவர் துணிந்து விரட்டுவார், லாபம் அங்கேயே கரைந்துவிடும். இதை எளிதாகத் தள்ள முடியாது. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சிகளை வைத்துப் பார்த்தார்கள். ஏபிஎஸ் இருந்த கார்களும் இல்லாத கார்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இடித்தன. ஏபிஎஸ் டிரைவர்கள் சற்று முரட்டுத்தனமாகவும் ஓட்டினார்கள். ஆனால் அது கார். நாலு பக்கமும் தகடு சூழ உட்கார்ந்திருப்பவருக்கு வரும் அசட்டுத் தைரியம், தன் முழங்காலையே பம்பராக வைத்திருப்பவருக்கு அவ்வளவு சுலபமாக வராது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் ஒரே மாடல் பைக்குகளை ஏபிஎஸ்ஸோடும் இல்லாமலும் ஒப்பிட்டது. ஏபிஎஸ் உள்ளவற்றில் உயிர்ப்பலி விபத்துகள் 22 விழுக்காடு குறைவு. துணிச்சல் கூடியிருந்தாலும் அதையும் கழித்த பிறகு நின்ற கணக்கு இது.

விலை? சில ஆயிரம் கூடும்தான். அதை உயிரோடு வைத்துப் பாருங்கள். 2022-இல் நாட்டில் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 100-க்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு.

ஏபிஎஸ் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளில்லாத நல்ல தார் ரோட்டில், நிதான வேகத்தில் நேராகப் போய் முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள். லீவர் விரலுக்கடியில் துடிக்கும். பிரேக் போய்விட்டதோ என்று பயந்து விட்டுவிடாதீர்கள். வேலை செய்கிறது என்று அர்த்தம். சாவி போட்டதும் எரியும் மஞ்சள் விளக்கு, வண்டி நகர்ந்த சில அடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் ஏபிஎஸ் இல்லாத வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.